செய்திக் காணொளி என்பது என்ன? புதிய செய்தியாளர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

தாலுகா அளவில் பணிபுரியும் செய்தியாளரிடம் அலுவலகம் இன்று முதலில் கேட்கும் கேள்வி, "விஷுவல் இருக்கா?" என்பதுதான். 2020 ஜூன் மாத இறுதியில் டிக்டாக் செயலி இந்தியாவில் தடை செய்யப்பட்டது. அடுத்த சில மாதங்களுக்குள் இன்ஸ்டாகிராம் ரீல்ஸும் யூடியூப் ஷார்ட்ஸும் அந்த இடத்தைப் பிடித்தன. அதன்பின் நாளிதழ், தொலைக்காட்சி, இணையதளம் என்ற வேறுபாடு பெரிதும் மறைந்து, எல்லாத் தரப்பிலும் ஒரு நிமிடக் காணொளி அன்றாடத் தேவையாகிவிட்டது.

இந்த வேலை பரவிய வேகத்தில் அதைப் பற்றிய விளக்கம் பரவவில்லை. சம்பவ இடத்தில் நின்று பதிவுப் பொத்தானை அழுத்தினால் செய்திக் காணொளி கிடைத்துவிடும் என்று சிலரும், விலை உயர்ந்த கைப்பேசி இருந்தால் தரம் தானாக வந்துவிடும் என்று சிலரும் நம்புகிறார்கள். இரண்டு நம்பிக்கைகளும் தவறானவை. அவை எதனால் தவறு என்பது புரிந்துவிட்டால், நடுத்தர விலைக் கைப்பேசியை வைத்துக்கொண்டே தெளிவான, நம்பத்தக்க காணொளியை எடுத்துவிடலாம்.

விளக்கத்துக்காக ஒரு களத்தை எடுத்துக்கொள்வோம்: வேலூரை அடுத்த பொய்கையில் செவ்வாய்க்கிழமைகளில் கூடும் மாட்டுச் சந்தை. செய்தி மிக எளியது. இந்த வாரம் கறவை மாட்டின் விலை ஏறியதா, இறங்கியதா என்பதுதான்.

கண் பார்ப்பதும் கேமரா பார்ப்பதும்

முதன்முதலாகச் சந்தைக்குள் நுழையும் செய்தியாளர், பெரும்பாலும் கைப்பேசியை இயக்கிவிட்டு, கூட்டத்தின் ஊடே நடந்தபடியே இடமும் வலமும் திருப்பி நான்கு நிமிடங்கள் பதிவு செய்கிறார். நேரில் பார்த்தபோது அவருக்கு எல்லாம் தெளிவாக இருந்தது. திரையில் பார்க்கும்போது தலை சுற்றுகிறது, எதுவும் மனத்தில் பதியவில்லை. கேமரா மோசமானது என்று அவர் முடிவு செய்துவிடுகிறார்.

உண்மையான காரணம் நம் கண்ணின் இயல்பில் இருக்கிறது. ஒரு பொருளிலிருந்து இன்னொரு பொருளுக்குப் பார்வையை மாற்றும்போது நம் கண் வழுக்கிச் செல்வதில்லை, தாவிச் செல்கிறது. அந்தத் தாவலின்போது உண்டாகும் கலங்கலான பிம்பத்தை மூளை நமக்கு எட்டவிடாமல் அடக்கிவிடுகிறது. ஆகவே மாட்டின் மடியைப் பார்க்கிறோம், அடுத்த கணம் தரகரின் முகத்தைப் பார்க்கிறோம். இடையில் இருந்த கலங்கல் நமக்குத் தெரிவதே இல்லை. கேமராவுக்கு அந்த வசதி கிடையாது. அது திரும்பும்போது உண்டாகும் கலங்கலையும் ஒன்றுவிடாமல் பதிவு செய்து, பார்ப்பவரின் தலையில் கட்டிவிடுகிறது.

காட்சிகளை வெட்டி ஒட்டுவது பார்வைக்கு இயல்பாகத் தோன்றுவதற்கும், கேமராவை வீசித் திருப்புவது எரிச்சலூட்டுவதற்கும் இதுவே முக்கியமான காரணம். ஒரு காட்சி முடிந்து அடுத்த காட்சி சட்டென்று தோன்றும் இடத்தை 'கட்' என்கிறோம். அது கண் தாவுவதைப் போலவே வேலை செய்கிறது. அசையாமல் நிற்கும் கேமராவும் அடுத்தடுத்த கட்டுகளும் சேர்ந்துதான் நேரில் நின்று பார்க்கும் உணர்வைத் தருகின்றன.

பாவும் ஊடையும்

செய்திக் காணொளியின் அமைப்பைப் புரிந்துகொள்ளக் குடியாத்தத்தில் லுங்கி நெய்யும் தறியை நினைத்துக்கொள்ளலாம். முதலில் நீளவாட்டில் பாவு விரிக்கப்படுகிறது. அது அறுந்தால் துணியே இல்லை. அதன் பிறகு நாடா குறுக்கே ஓடி ஊடையைச் சேர்க்கச் சேர்க்கத்தான் கட்டமும் கோடும் கண்ணுக்குத் தெரிகின்றன.

காணொளியில் பாவின் இடத்தில் இருப்பது ஒலி. சந்தையில் மாட்டு வியாபாரி விலை நிலவரத்தைச் சொல்லும் பேச்சு 'பைட்' எனப்படுகிறது; செய்தியாளர் பிறகு தம் குரலில் சேர்க்கும் விவரிப்பு 'வாய்ஸ் ஓவர்'. எடிட்டிங்கில் இந்த இரண்டையும் முதலில் நீளவாட்டில் வைத்து, கேட்டாலே செய்தி புரிகிறதா என்று சரிபார்த்த பிறகு, அதன்மேல் காட்சிகளை ஒவ்வொன்றாகச் சேர்க்கிறார்கள். அப்படிச் சேர்க்கப்படும் காட்சிகளே அலுவலகம் கேட்கும் 'விஷுவல்'. வியாபாரி பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் முகம் மறைந்து மாடுகள் தெரிவதும், குரல் மட்டும் தொடர்வதும் இப்படித்தான் நடக்கிறது.

இதிலிருந்து களத்தில் செய்ய வேண்டிய வேலையின் வரிசை தெளிவாகிவிடுகிறது. இயன்றவரை பைட்டை முதலில் எடுக்க வேண்டும். "வெளியூர் வியாபாரிகள் வரவில்லை, தீவன விலை ஏறிவிட்டது" என்று அவர் சொல்லிவிட்டால், எந்தக் காட்சிகள் தேவை என்பதை அந்த வாக்கியமே சொல்லிவிடுகிறது: காலியாக நிற்கும் வண்டிகள், தீவன மூட்டை, வாங்குவாரின்றிக் கட்டப்பட்டிருக்கும் மாடு. பேச்சைக் கேட்பதற்கு முன்பே கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்துக் குவித்தவர், அலுவலகத்துக்கு வந்த பிறகு, நூறு காட்சிகள் இருந்தும் வேண்டியது இல்லாமல் திண்டாடுவார்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிச் சொன்னால், கேமரா அசையாமல் நிற்க வேண்டும், பார்வை மாறுவதைக் கட் பார்த்துக்கொள்ளும். ஒலி முதலில், காட்சி அதன் மேல்.

ஷாட்டும் தொடரும்

பதிவுப் பொத்தானை அழுத்தியதிலிருந்து நிறுத்தும்வரை எடுக்கப்படும் ஒரு துண்டு 'ஷாட்'. ஒரே செயலைப் பல ஷாட்டுகளாகப் பிரித்து எடுத்து, மீண்டும் ஒரே செயலாகத் தோன்றும்படி சேர்ப்பது 'சீக்குவென்ஸ்', அதாவது காட்சித் தொடர். செய்திக் காணொளியின் உயிர் இந்தத் தொடரில்தான் இருக்கிறது. தொடர்பில்லாத அழகான ஷாட்டுகளை எத்தனை அடுக்கினாலும் அவை படத்தொகுப்பாகவே நிற்கும்.

சந்தைகளில் விலை பேசும் முறையை எடுத்துக்கொள்வோம். தரகரும் வாங்குபவரும் கைகளைத் துண்டால் மூடிக்கொண்டு, விரல்களைத் தொட்டே விலையைப் பேசிக்கொள்வது மாட்டுச் சந்தைகளின் பழைய வழக்கம். இதை எடுக்க ஐந்து ஷாட்டுகள் போதும். துண்டும் கைகளும் மட்டும் தெரியும் நெருக்கமான ஷாட் ஒன்று. தரகரின் முகம் ஒன்று. இருவரும் மாடும் சந்தையும் சேர்ந்து தெரியும் அகன்ற ஷாட் ஒன்று. இதை 'வைடு' என்பார்கள். வாங்குபவரின் தோளுக்குப் பின்னாலிருந்து தரகரைக் காட்டுவது ஒன்று. ஐந்தாவது ஷாட்டைச் செய்தியாளரின் கண்தான் தேட வேண்டும். அது தரையோடு தரையாகக் குனிந்து எடுத்த குளம்புகளாக இருக்கலாம், பேரம் படியுமா என்று பார்த்துக்கொண்டு நிற்கும் பேரப்பிள்ளையாகவும் இருக்கலாம்.

ஒவ்வொரு ஷாட்டையும் பத்து வினாடிகள் அசையாமல் பிடிக்க வேண்டும். இறுதிக் காணொளியில் அதில் மூன்று வினாடிகள்தான் பயன்படும் என்றாலும், பொத்தானை அழுத்தும்போது தொடக்கத்திலும் முடிவிலும் கை அசைவதால், நடுவில் இருக்கும் பகுதிதான் எடிட்டருக்குக் கிடைக்கிறது. முக்காலி இல்லையென்றால் முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டு, ஒரு கம்பத்திலோ வண்டியின் பக்கப் பலகையிலோ சாய்ந்து நின்றால் போதும். நெருக்கமான ஷாட் வேண்டுமானால் ஜூம் செய்யாமல் கால்களால் நெருங்குவது நல்லது. பல கைப்பேசிகளில் ஜூம் என்பது இருக்கும் பிம்பத்தை வெட்டிப் பெரிதாக்குவது மட்டுமே. விவரம் கூடுவதில்லை, கை நடுக்கம்தான் கூடுகிறது.

ஒரே ஒரு விதியை இங்கே மனத்தில் கொள்ள வேண்டும். பேசிக்கொள்ளும் இருவருக்கும் இடையே ஒரு கற்பனைக் கோடு இருப்பதாக எண்ணிக்கொண்டு, அதன் ஒரே பக்கத்தில் நின்று எல்லா ஷாட்டுகளையும் எடுக்க வேண்டும். கோட்டைத் தாண்டி மறுபக்கம் போனால், முந்தைய ஷாட்டில் வலப்புறம் பார்த்துப் பேசிய தரகர் அடுத்த ஷாட்டில் இடப்புறம் பார்ப்பார். இருவரும் ஒரே திசையில் பார்த்துப் பேசுவதுபோல் தோன்றி, பார்ப்பவருக்கு யார் யாரிடம் பேசுகிறார்கள் என்பதே குழம்பிவிடும்.

மீண்டும் நடப்பதும் ஒரே முறை நடப்பதும்

தொடரைப் பற்றித் தெரிந்துகொண்ட உடனே எழும் கேள்வி இது: இருப்பது ஒரே கேமரா, ஐந்து கோணங்களில் எடுப்பதற்குள் செயல் முடிந்துவிடாதா? இந்தக் கேள்விக்கான விடையில் தொழில்நுட்பமும் நேர்மையும் பிரிக்க முடியாதபடி கலந்திருக்கின்றன. அதனால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

உலகில் நடக்கும் செயல்களை இரண்டு வகையாகப் பிரித்துக்கொள்ளலாம். நெசவாளி நாடா ஓட்டுவதும், பேரணாம்பட்டில் தோல் தொழிற்சாலைத் தொழிலாளி தோலை உலர வைப்பதும் திரும்பத் திரும்ப நடப்பவை. அங்கே காத்திருந்தால் அதே மனிதர் அதே செயலைப் பல முறை செய்வார். ஒவ்வொரு முறையும் ஒரு கோணத்திலிருந்து எடுத்து அவற்றை இணைப்பதில் பொய் எதுவும் இல்லை. இன்னொரு வகை, ஒரே முறை நடப்பவை. வைகாசி முதல் நாள் குடியாத்தம் கெங்கையம்மன் கோயிலில், ஊர்வலமாக வரும் அம்மனின் சிரசு உடலோடு பொருத்தப்படும் கணம் அப்படிப்பட்டது. அங்கே கோணம் மாற்றும் ஆசைக்கே இடம் கொடுக்கக் கூடாது. முன்கூட்டியே போய் நல்ல இடத்தைப் பிடித்து, வைடு ஷாட்டைத் தொடர்ந்து ஓடவிட்டு, அந்தக் கணம் முடிந்த பிறகே கூட்டத்தின் முகங்களுக்குத் திரும்ப வேண்டும். ஊர்வலம் வரும் தெரு, காத்திருக்கும் பக்தர்கள், தண்ணீர்ப் பந்தல் போன்றவற்றை முன்னதாகவே எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

துண்டுக்கு அடியில் நடக்கும் பேரம் இந்த இரண்டுக்கும் இடையில் நிற்கிறது. சந்தை முழுவதும் காலை நேரமெல்லாம் பேரங்கள் நடந்துகொண்டே இருக்கும். ஆனால் ஒவ்வொரு பேரமும் வெவ்வேறு மனிதர்களுக்கு இடையில், ஒரே முறை நடப்பது. ஒரு பேரத்தின் கைகளையும் வேறொரு பேரத்தின் முகத்தையும் சேர்த்து ஒன்றாகக் காட்டினால் காணொளி அழகாக இருக்கும். அது பொய்யாகவும் இருக்கும். கைக்குரியவர் நல்ல விலைக்கு விற்றவராகவும், முகத்துக்குரியவர் நட்டத்தோடு வீடு திரும்பியவராகவும் இருக்கக்கூடும். மறுநாள் அவருடைய ஊரில் அந்தக் காணொளியைப் பார்ப்பவர்களிடம் அவர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். சந்தையின் பொதுவான நிலையைச் சொல்லும் இடத்தில் பலருடைய காட்சிகள் வரலாம். ஒரு குறிப்பிட்ட பேரம் என்று சொல்லிக் காட்டினால் எல்லா ஷாட்டுகளும் அந்தப் பேரத்தினுடையதாகவே இருக்க வேண்டும்.

"இன்னொரு முறை செய்து காட்டுங்கள்" என்று கேட்கும் வழக்கத்தையும் இந்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும். பேச வருபவரை நிழலுக்கு அழைப்பதிலோ, காலர் மைக்கைச் சரிசெய்துகொள்ளச் சொல்வதிலோ தவறில்லை. நடந்து முடிந்த மறியலை மீண்டும் நடத்தச் சொல்வதும், அழுது ஓய்ந்தவரை மீண்டும் அழவைப்பதும் செய்தியாளர் தாமே ஒரு நிகழ்ச்சியை உண்டாக்குவதாகும். நாம் அங்கே இல்லாதிருந்தாலும் இது நடந்திருக்குமா என்று தம்மையே கேட்டுக்கொண்டால், பெரும்பாலான இடங்களில் விடை கிடைத்துவிடும்.

ஆக, தொடர் என்பது ஒரே செயலின் பல கோணங்கள். செயல் திரும்ப நடக்குமானால் காத்திருந்து எடுக்கலாம், நடக்காதென்றால் ஒரே ஷாட்டில் நிற்க வேண்டும், எந்த நிலையிலும் வேறொருவரின் ஷாட்டால் இடைவெளியை நிரப்பக் கூடாது.

ஒலியை நெருங்கிப் பிடிப்பது

காட்சி சற்று மங்கலாக இருந்தாலும் மக்கள் பொறுத்துக்கொள்கிறார்கள். பேச்சு கேட்கவில்லையென்றால் விரலால் தள்ளிவிட்டுப் போய்விடுகிறார்கள். வாய்க்கும் மைக்குக்கும் இடையிலான தூரம் இருமடங்கானால், மைக்கை வந்தடையும் குரலின் ஆற்றல் நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. சந்தையின் இரைச்சல் எல்லாப் பக்கமிருந்தும் வருவதால் அது குறைவதில்லை. எனவே, நான்கடி தள்ளி நிற்கும் விலை உயர்ந்த கைப்பேசியைவிட, சட்டையில் குத்திய மலிவான காலர் மைக் தெளிவாகப் பேச்சைப் பிடிக்கும். மைக்கின்மேல் பஞ்சு உறை இல்லையென்றால், பாலாற்றுப் பாலத்தின் மேல் அடிக்கும் காற்று முழுப் பேட்டியையும் கெடுத்துவிடும். பேட்டி முடிந்த பிறகு, யாரும் பேசாமல் அரை நிமிடம் சூழலின் ஒலியை மட்டும் தனியாகப் பதிவு செய்து வைத்தால், எடிட்டிங்கில் ஒட்டிய இடங்கள் தெரியாமல் இருக்கும்.

கேள்வி கேட்கும் விதமும் ஒலியைச் சேர்ந்ததுதான், ஏனென்றால் செய்தியாளரின் கேள்வி வெட்டப்பட்டு, பதில் மட்டுமே காணொளியில் நிற்கப்போகிறது. "விலை எப்படிணா, பரவால்லையா?" என்று கேட்டால் "பரவால்ல" என்ற ஒரு சொல்தான் கிடைக்கும். "அண்ணா, போன வாரம் கறவ மாடு என்ன வெலைக்குப் போச்சு, இந்த வாரம் என்ன வெலைக்குப் போவுது, ரெண்டையும் சேத்துச் சொல்லுங்க" என்று கேட்டால், தனித்து நிற்கும் முழு வாக்கியம் கிடைக்கும். பேசுபவரின் பெயரையும் ஊரையும் அவர் வாயாலேயே கேமராவில் சொல்லவைத்துவிட்டால், பெயரைப் பிழையாக எழுதும் வாய்ப்பு குறைகிறது.

இந்த வட்டாரத்தில் வேலை செய்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் உருதுவிலும், ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர்களில் தெலுங்கிலும் மனம்விட்டுப் பேசக்கூடியவர்கள் பலர். அவர்களைத் திக்கித் திணறித் தமிழில் பேசவைப்பதைவிட, அவர்கள் மொழியிலேயே பேசவிட்டு, கீழே தமிழில் வரிகள் கொடுப்பதுதான் அவர்களுக்கும் செய்திக்கும் மதிப்பளிப்பது. பலர் ஒலியை நிறுத்திவிட்டுத்தான் பார்க்கிறார்கள் என்பதால், தமிழ்ப் பேச்சுக்கும் வரிகள் சேர்ப்பது பயன்தரும். செயலியின் பொத்தான்கள் திரையின் அடிப்பகுதியையும் வலது ஓரத்தையும் மறைக்கும் என்பதால், வரிகளைச் சற்று மேலே வைக்க வேண்டும்.

வெயிலும் டியூப்லைட்டும்

வேலூரின் நண்பகல் வெயில் கேமராவுக்கும் கடுமையானது. பேசுபவருக்குப் பின்னால் வெளுத்த வானம் இருந்தால், கைப்பேசி அந்த வானத்துக்கு ஏற்ப ஒளியைக் குறைத்துக்கொண்டு முகத்தைக் கருக்கிவிடும். அவரை மர நிழலுக்கு அழைத்து, பின்னணியும் நிழலாக இருக்கும்படி நிறுத்தி, திரையில் அவர் முகத்தின்மேல் விரலை அழுத்திப் பிடித்தால், பெரும்பாலான கைப்பேசிகளில் ஒளி அளவு அந்த முகத்துக்கு ஏற்பப் பூட்டப்பட்டுவிடும்.

இரவில் லாங் பஜார் கடைகளுக்குள் எடுத்த காணொளியில் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழும் ஓடுவதைப் பலரும் கைப்பேசியின் பழுது என்று நினைக்கிறார்கள். நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சிகள் கொண்டது. அதனால் டியூப்லைட்டும் பல எல்.இ.டி. விளக்குகளும் நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கின்றன. காணொளி என்பது வேகமாக ஓடும் நிழற்படங்களின் வரிசை. அதில் ஒவ்வொரு படமும் ஒரு 'பிரேம்', ஒவ்வொரு பிரேமும் ஒளியை வாங்கிக்கொள்ளும் கால அளவு 'ஷட்டர்'. ஷட்டரை நொடியில் 50-இல் ஒரு பங்காக வைத்தால், ஒவ்வொரு பிரேமும் விளக்கின் சரியாக இரண்டு துடிப்புகளை வாங்குகிறது. எல்லாப் பிரேம்களும் ஒரே அளவு வெளிச்சம் பெறுகின்றன. 60-இல் ஒரு பங்காக இருந்தால் துடிப்பு பாதியில் அறுபட்டுப் பட்டைகளாகத் தெரிகிறது. கைமுறை அமைப்பு இருக்கும் கைப்பேசிகளில் நொடிக்கு 25 பிரேம், ஷட்டர் 50-இல் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால் போதும்.

கைப்பேசியை நிமிர்த்திப் பிடிப்பதா, படுக்கவைப்பதா?

களத்துக்குக் கிளம்பும் முன்பே அலுவலகத்திடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய கேள்வி இது. தொலைக்காட்சிக்கு அகலம் 16, உயரம் 9 என்ற விகிதமும், ரீல்ஸுக்கும் ஷார்ட்ஸுக்கும் அதன் தலைகீழும் வேண்டும். படுக்கவைத்து எடுத்ததைப் பிறகு வெட்டி நிமிர்த்திக்கொள்ளலாம் என்பவர்கள் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும்: 1920 புள்ளி (பிக்சல்) அகலமும் 1080 புள்ளி உயரமும் கொண்ட பிம்பத்திலிருந்து நிமிர்ந்த சட்டத்தை வெட்டினால், சுமார் 607 புள்ளி அகலமே மிஞ்சும். மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இரண்டும் தேவையென்றால் பைட்டைப் படுக்கவைத்து, பேசுபவரை நடுவில் நிறுத்தி எடுத்துக்கொண்டு, முக்கியமான தொடரை இரண்டு விதமாகவும் எடுக்கலாம். ஒரு ஷாட்டின் நடுவில் கைப்பேசியைத் திருப்பினால் அந்த ஷாட் இரண்டுக்கும் உதவாமல் போகும்.

முகத்தைக் காட்டக் கூடாத இடங்கள்

பாலியல் குற்றத்துக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவின்படி குற்றம். குழந்தைகள் தொடர்பான வழக்குகளில் போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவும், 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவும் அடையாளத்தை வெளியிடத் தடை விதிக்கின்றன. அடையாளம் என்றால் முகம் மட்டும் என்று எண்ணுவது பரவலான தவறு. வீட்டின் வாசல், தெருப் பெயர்ப் பலகை, பள்ளிச் சீருடை, தாயின் முகம், அவ்வளவு ஏன், மாற்றப்படாத குரல்கூட அந்த ஊர்க்காரருக்கு யார் என்பதைச் சொல்லிவிடும். எடிட்டிங்கில் மங்கலாக்கிக்கொள்ளலாம் என்று எடுத்து வைத்தால், மங்கலாக்காத மூலக் கோப்பு யார் யார் கைக்கோ போகும். எடுக்காமல் இருப்பதே பாதுகாப்பு; காவல் நிலையத்தின் முகப்பையும் நீதிமன்ற வளாகத்தையும் வைத்து அந்தச் செய்தியைச் சொல்லிவிட முடியும்.

மருத்துவமனைக்குள் நிர்வாகத்தின் அனுமதியும் நோயாளியின் சம்மதமும் வேண்டும். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் மேற்கு வங்கத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் சிகிச்சைக்காக வந்து தங்கியிருப்பவர்கள் நடமாடுகிறார்கள். பொது இடம் என்பதால் அவர்களுடைய கட்டுப் போட்ட தலையை விடுதி வாடகைச் செய்திக்கு விஷுவலாக்கிக்கொள்ளலாம் என்று ஆகிவிடாது. வேலூர்க் கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கிறது. அங்கே முக்காலி வைத்துப் படமெடுக்கும் எண்ணம் இருந்தால் முன்னதாகவே துறையிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

அலுவலகத்துக்கு அனுப்புவது

எடுத்த காணொளியை வாட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக அனுப்பினால், அது அளவைச் சுருக்கித் தெளிவைக் குறைத்துவிடும். 'டாக்குமெண்ட்' என்ற வழியில் அனுப்பினால் மூலக் கோப்பு அப்படியே போய்ச் சேரும். எல்லா ஷாட்டுகளையும் அனுப்பத் தேவையில்லை. பைட், தொடர், சூழல் ஒலி ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் இருப்பவர் யார், எந்த ஊர், என்ன தேதி என்று கூடவே எழுதி அனுப்ப வேண்டும்.

தேதி எழுதுவதைச் சிலர் சடங்காக நினைக்கிறார்கள். 2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் வந்தபோது எடுக்கப்பட்ட ஒரு ஷாட், தேதியில்லாமல் அலுவலகத்தின் சேமிப்பில் கிடந்து, வேறொரு மழைநாளில் அவசரத்தில் எடுத்து ஒட்டப்பட்டால், கரையோரக் கிராமங்களில் இருப்பவர்கள் அன்றே வெள்ளம் வந்துவிட்டதாக நம்பி வீட்டைவிட்டு ஓடுவார்கள். பழைய காட்சியைப் பயன்படுத்த வேண்டியிருந்தால், காட்சி தெரியும் நேரம் முழுவதும் 'கோப்புக் காட்சி' என்ற சொற்களும் ஆண்டும் திரையில் இருக்க வேண்டும். செய்தி வெளியான பிறகும் மூலக் கோப்புகளை அழிக்காமல் தனி நினைவகத்தில் வைத்திருப்பது அவசியம். வெட்டப்பட்ட பேச்சின் முழு வடிவத்தை யாரேனும் கேட்டால், அதைக் காட்டும் நிலையில் செய்தியாளர் இருக்க வேண்டும்.